வேர்க்காத ஐஸ்

ஐஸ்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். ஐஸ் விற்று வந்த பெயர் இல்லை. வாழ்நாளில் ஒரு குச்சி ஐஸ்கூட விற்றவரில்லை அவர். குழந்தைகளின் வாயில் சொட்டு மருந்து ஊற்றும் முகாம்கள் மும்முரமாக நடந்த காலத்தில் சுகாதாரத் துறை வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். ஐஸ் உருகிவிடுமோ என்ற பதற்றத்தில் வழியில் ஒரு டீக்குக்கூட வண்டியை நிறுத்தமாட்டார். ஒரு தடவை வேன் நடுவழியில் படுத்துக்கொண்டபோது மருந்துப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கொட்டுகிற மழையில் நடந்தே போய்ச் சேர்த்தார். அன்றைக்கு யாரோ வாய்க்கு வந்தபடி வைத்த பெயர், ஓய்வு பெற்று முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணத் தொடங்கிய பிறகும் அவரை விட்டுப் போகவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு மறுபடியும் பெட்டி தூக்கும் வேலை வந்தது. சம்பளம் கிடையாது. மனைவிக்கு ஒத்தாசை, அவ்வளவுதான். மனைவி தெருமுனைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊருக்கு அவள் சிஸ்டர். வருஷா வருஷம் குளிர் தொடங்கும்போது ஃப்ளூ ஊசி வரும், வேண்டியவர்கள் நிலையத்துக்கு வந்து கையை நீட்டிப் போட்டுக்கொண்டு போவார்கள். இந்த வருஷம் மேலிடத்திலிருந்து பரிந்துரையை மாற்றி அனுப்பியிருந்தார்கள். ஊசி குறைவாகத்தான் வரும், அதனால் படுக்கையில் கிடப்பவர்கள், நுரையீரல் பழுதானவர்கள், கர்ப்பிணிகள் இவர்களுக்குத்தான் முதலில், வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் போட வேண்டும் என்று. வீட்டுக்குப் போவதென்றால் குளிர்ப்பெட்டி வேண்டும். நிலையத்தின் பரணில் தூசி படிந்து கிடந்த பெட்டியை ஐஸ்காரர்தான் இறக்கிக் கழுவி, வெயிலில் காயவைத்து, கீல்களுக்கு எண்ணெய் விட்டார். அதைச் செய்தபோது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்திருப்பார்கள்.

தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொதிகளை வீட்டு ஃப்ரீசரில் வைத்து உறையவிடுவார். அவற்றுக்கு இடம் வேண்டுமென்று மீனும் பட்டாணியும் வெளியேற்றப்பட்டன. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு பொதியையும் எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். டொக்கென்று சத்தம் கேட்க வேண்டும்.

"கேட்டியா? கல்லு. இதுக்குப் பேர்தான் ஐஸ்."

"கேட்டேன் கேட்டேன். தெருவே கேட்டிருக்கும்" என்பாள் சிஸ்டர், தலையை வாரிக்கொண்டே. "என்னங்க, நாலு பக்கமும் ஐஸை அடுக்கிட்டு மேலயும் ஒண்ணு வைக்கறீங்களே, ஊசிய நான் எங்க வைக்கறது?"

"ஊசி ஒல்லிதானே. எங்க வேணா நுழைஞ்சுக்கும். ஐஸ் குறைஞ்சா உன் மருந்து செத்துப்போயிடும், ஞாபகம் வச்சுக்கோ."

"சரிங்க. பெட்டி விஷயத்துல நீங்கதான் டாக்டர்."

அதைக் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் மனதாரவும் அப்படித்தான் நினைத்தாள். அவளுடைய வேலையெல்லாம் நாலு சுவருக்குள் ஃப்ரிட்ஜும் தெர்மாமீட்டருமாக ஓடியது. பெட்டி தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனது அவளல்ல, அவர்தான். மருந்து நிரப்பியே வந்த ஊசிகளை அவள் எண்ணிக் கொடுப்பாள், அவர் ஐஸுக்கு நடுவில் செருகி மூடியை அழுத்திப் பூட்டுவார். பிறகு மொபெட்டில் அவர் முன்னால், மடியில் பெட்டியோடு அவள் பின்னால். ஈரக்காற்று முகத்தில் அறையும். ஒவ்வொரு திருப்பத்திலும் "பெட்டிய சாய்க்காத" என்று அவர் முன்னாலிருந்து கத்துவார்.

அவர்களுடைய முதல் ஊசி வீட்டிலேயே போடப்பட்டது. மாடியில் குடியிருக்கும் மகளுக்கு ஏழாம் மாதம். மாப்பிள்ளை கப்பலில் வேலை, பிரசவத்துக்குத்தான் வருவான். மகள் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியிறங்கி வந்து மறுகையை நீட்டினாள்.

"அம்மா, ஐஸ்கட்டியயே குத்தற மாதிரி இருக்கும்மா!"

"அப்பா பெட்டியில வந்த ஊசியாச்சே, சும்மாவா?" என்றாள் சிஸ்டர்.

ஐஸ்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

பிறகு போன வீடுகளிலும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த தையல்காரர், "சிஸ்டர், ஊசி குத்தவே இல்ல, குளிருதும்மா. எனக்கே ஸ்வெட்டர் தைச்சுக்கணும் போலிருக்கு" என்றார். பாவமாக இருந்தது அவளுக்கு. அதற்கப்புறம் ஒவ்வொரு ஊசியையும் பெட்டியிலிருந்து எடுத்ததும் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, நோயாளியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போடுவாள்.

மில்லுக்காரி வீட்டில் ரொம்ப நேரம் பேசவேண்டி வந்தது. மாவு மில்லில் பன்னிரண்டு வயதிலிருந்து வேலை பார்த்தவள். மாவுத் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாற்பத்தைந்து வயதில் அறைக்கு அறை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் உருளை நிற்கிறது. புருஷன் லாரியோடு போகிறவன், மாதத்துக்கு ஒரு தடவை தலைகாட்டுவான். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண், குட்டி, ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் குட்டி இல்லை. குட்டியின் கவுன் ஒன்று மட்டும் கதவின் ஆணியில் தொங்கியது. ஜன்னல்களெல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தன.

"குட்டி எங்க, தங்கச்சி?" என்று கேட்டார் ஐஸ்காரர்.

"என் தங்கச்சி வீட்டுல இருக்காண்ணே. குளிர் விடற வரைக்கும் அங்கதான். போன வருஷம் பள்ளிக்கூடத்துல யாருக்கோ வந்த சளிய இவ வாங்கிட்டு வந்து எனக்குக் குடுத்தா. என்னை மூச்சுக்குக் குழாய் சொருகிப் படுக்க வச்சுட்டாங்க. பிழைச்சதே பெரிசுன்னு டாக்டர் சொன்னார். இன்னொரு தடவை வந்தா நெஞ்சு தாங்காதாம்." மூச்சு வாங்க நிறுத்திவிட்டுச் சொன்னாள். "சாயந்தரம் ஆனா போன் பண்ணுவா. 'அம்மா, இன்னைக்குக் குளிர் போச்சா'ன்னு கேப்பா. நான் என்ன சொல்றது?"

சிஸ்டர் ஊசியைக் கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே, "இந்த ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும். அதுக்கப்புறம் குட்டியக் கூட்டிக்கலாம். ஜன்னலையும் திறந்துக்கோங்க. காத்து வரட்டும்" என்றாள்.

"நிஜமாவா சிஸ்டர்?"

"பின்ன? இதுக்குத்தானே வீடு தேடி வந்திருக்கோம்."

மில்லுக்காரி சட்டென்று கையை நீட்டினாள். இரண்டு வாரம் கழிந்ததும் யாரும் சொல்லாமலே மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்க் குட்டியை அழைத்து வந்தது அவர்தான். புத்தகப் பை முன்னால், குட்டி பின்னால். வழியெல்லாம், "ஐஸ் மாமா, வேகமா போங்க, வேகமா போங்க" என்று முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள். வாசலில் இறங்கியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அம்மாவின் மேல் விழுந்தாள். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

இதெல்லாம் நடந்து ஒரு வாரம் இருக்கும். சனிக்கிழமை காலை நர்ஸுகளையும் டாக்டர்களையும் கூப்பிட்டு ஊசி பற்றிக் கூட்டம் போட்டார்கள். சிஸ்டர் திரும்பி வர மதியம் தாண்டிவிட்டது. ஐஸ்காரர் சோறு வடித்து, முட்டை பொரித்து, சூப்பைச் சூடாக்கி வைத்திருந்தார். மகளும் கீழே வந்திருந்தாள். வெளியே சோம்பேறி மழை ஒன்று பெய்துகொண்டிருந்தது.

"என்னம்மா சொன்னாங்க?" என்றாள் மகள்.

"என்னத்தச் சொல்றாங்க? ரெண்டாவது லோடு எப்ப வரும்னு கேட்டா, வரும்போது வருமாம். தயாரிச்சதே கம்மியாம். கிருமி வேற இந்த வருஷம் முகத்த மாத்திக்கிச்சாம், போன வருஷ ஊசிய நம்பி யாரும் இருக்கக் கூடாதாம். நேத்து ஒரே நாள்ல பெரிய ஆஸ்பத்திரியில வார்டே நிரம்பிடுச்சுன்னாங்க." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்புறம் ஒருத்தர் வந்தார் பாரு, மூக்குக்கண்ணாடிய மூக்கு நுனியில போட்டுக்கிட்டு. ஒரு ஐஸ் பொதியக் காதுகிட்ட வச்சு இப்படிக் குலுக்கறார், குலுக்கறார். கிலுகிலுப்பை ஆட்டற மாதிரி! எங்களுக்குச் சிரிப்பு தாங்கல."

"எதுக்காம்?"

"வேர்த்துடுச்சான்னு பாக்கறாராம். ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த ஐஸை அப்படியே பெட்டியில வைக்கக் கூடாதாம். வெளிய வச்சு, மேல வேர்த்துத் தண்ணி விடற வரைக்கும் காத்திருக்கணும். குலுக்கினா உள்ள தண்ணி தளும்பற சத்தம் கேக்கணும். அப்பதான் வைக்கலாம். இல்லன்னா ஊசி உறைஞ்சுடும். ஃப்ளூ ஊசி சூட்டக்கூட கொஞ்ச நேரம் தாங்கும், ஒரு தடவை உறைஞ்சா அவ்வளவுதான், அப்புறம் உருகினாலும் பிரயோஜனம் இல்ல. பாக்கறதுக்கு மட்டும் அச்சு அசலா..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். எதிரே ஐஸ்காரரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் அப்படியே நின்றிருந்தது. விரல்களிலிருந்து சோறு ஒவ்வொரு பருக்கையாக உதிர்ந்தது.

"என்னங்க?"

அவர் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டார்.

"நீங்க வேர்க்க விடுவீங்கதானே?"

மகள் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லுங்க. முகாம்ல இதெல்லாம் சொல்லிக் குடுத்திருப்பாங்கல்ல?"

"சொட்டு மருந்துக்கு" என்றார் அவர். தட்டை ஒதுக்கிவிட்டு மறுபடி சொன்னார். "சொட்டு மருந்துக்கு ஐஸ் கல்லா இருக்கணும். உறைஞ்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. உருகினாத்தான் சாகும். இருபது வருஷம் அதத்தான் சொன்னாங்க. அதத்தான் செஞ்சேன்."

"இந்த ஊசிக்கும்?"

"கல்லாத்தான் வச்சேன்."

சிஸ்டர் எழுந்தாள். சாப்பிட்ட கையைக் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டாமல் நின்றாள். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதுகை மட்டும்தான் அவரால் பார்க்க முடிந்தது. எல்லாக் கோபத்தையும் வாங்கிக்கொள்ள அவர் தயாராக இருந்தார். கத்தட்டும், தட்டை எடுத்து வீசட்டும், எதுவானாலும் சரி என்றிருந்தார். அவள் திரும்பியபோது முகத்தில் கோபமே இல்லை. பேயறைந்ததுபோல் இருந்தாள்.

"நான் பார்த்தேங்க."

"எதை?"

"தையல்காரருக்குப் போடறப்ப. ஊசிக்குள்ள வெள்ளையா, சின்னதா, ஐஸ் நூல் மாதிரி ஒண்ணு. கையில வச்சு உருட்டினேன். கரைஞ்சுடுச்சு. தெளிவாயிடுச்சு. போட்டுட்டேன்."

"பார்த்தியா?"

"பனி பிடிச்சிருக்குன்னு நினைச்சேன். நினைச்சேனா, இல்ல நினைச்சுக்கிட்டேனான்னு இப்பத் தெரியல. படிச்சிருக்கேங்க நான். உறையக் கூடாதுன்னு ட்ரெயினிங்ல மனப்பாடமா படிச்சிருக்கேன். கையில இருந்தத தூக்கிப் போட மனசு வரல. எண்ணி எண்ணிக் குடுத்திருக்காங்களேன்னு..." உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "அதுக்கப்புறம் எல்லாத்தையும் கையில பொத்திப் பொத்திச் சூடு பண்ணித்தானே போட்டேன். அதுல எத்தனை உறைஞ்சிருந்துச்சோ, நானே உருக்கிட்டேனே!"

மகள் தன் மேல்கையைத் தடவிக்கொண்டாள், ஊசி போட்ட இடத்தை. "அப்போ எனக்குப் போட்டது?"

சிஸ்டர் அருகில் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐஸ்காரருக்கு அதை நம்ப முடியவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. "தண்ணிதான் உறையும். மருந்து எப்படி உறையும்? அதுவும் பெட்டிக்குள்ள, நடுவுல" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு ஃப்ரீசரைத் திறந்தார். பொதிகளை எடுத்தார். வழக்கம்போலத் தட்டிப் பார்த்தார். டொக்கென்ற அந்தச் சத்தம் அன்றைக்கு அவர் வயிற்றுக்குள் கேட்டது. பெட்டியில் அடுக்கினார். சிஸ்டர் தன் பையிலிருந்து ஊசி மருந்து கலக்கும் உப்புத் தண்ணீர் அடைத்த, விரல் நீளக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஊசிகளை வைக்கும் அதே இடத்தில் அதை வைத்து மூடினார்.

பெட்டியைச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்துவிட்டு மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். சோறு ஆறி விறைத்துப்போனது. மழை விட்டு மறுபடி பிடித்தது.

"இது யாருக்கும் தெரியப் போறதில்ல, இல்லையா?" என்றார் அவர் திடீரென்று. கேட்ட மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சிஸ்டர் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "தெரியாது. போட்டுக்கிட்டவங்களுக்கும் தெரியாது. நாளைக்கே காய்ச்சல் வந்தா, ஊசி போட்டும் வந்துடுச்சேன்னு சொல்லுவாங்க. அப்படியும் சில பேருக்கு வரும்தான். யாரும் நம்மளக் கேக்க மாட்டாங்க."

"வேலை போயிடுமாம்மா?" என்றாள் மகள்.

"போகலாம்."

"அப்பாவ ஏதாவது பண்ணுவாங்களா?"

"அவரு பேரு எந்தத் தாள்லயும் இல்ல. என் பேருதான் இருக்கு."

ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு சுலபம் என்று மூன்று பேருக்குமே தெரிந்துபோயிற்று. அதுதான் அவர்களைப் பயமுறுத்தியது. டீ போடும் நேரம் வந்தும் யாரும் டீ போடவில்லை. ஐஸ்காரர் மூடியைத் திறந்து குப்பியை எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது. கவிழ்த்தார், அசையவில்லை. மேஜைமேல் தட்டினார்.

"குட்டி அங்க இருக்கா" என்றார்.

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தாம்மா கூட்டிட்டு வந்து விட்டேன். என் வண்டியில. ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கும் இப்ப." முழங்காலை மேஜையில் இடித்துக்கொண்டு எழுந்தார். "கிளம்பு. டாக்டரம்மாகிட்டப் போகலாம்."

"போன்ல மில்லுக்காரிகிட்ட முதல்ல..."

"போன்ல சொல்ற விஷயமா இது? 'உனக்குப் போட்டது மருந்தே இல்ல'ன்னு சொல்லிட்டு வச்சுடுவியா? கையில நல்ல ஊசியோட போய் நின்னு சொல்லணும்."

மூன்று பேருமாகவே போனார்கள். மகளை மொபெட்டில் ஏற்ற முடியாதென்று ஒரு குடைக்குள் நடந்தார்கள். பெட்டி ஐஸ்காரரின் தோளில்.

நிலையத்து டாக்டரம்மா சிறு வயது. சனிக்கிழமை நோயாளிக் கூட்டத்தை அப்போதுதான் பார்த்து அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். சிஸ்டர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், கைக்குள் வைத்துக் கரைத்ததையும் சேர்த்து. டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெட்டியில போனது எல்லாமேவா?"

"எல்லாமே டாக்டர்."

"ஐயோ சிஸ்டர்! அவரை யாரு பெட்டியத் தொடச் சொன்னது? அவரு என்ன ஸ்டாஃபா?"

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐஸ்காரர் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சரியாகத்தானே கேட்கிறாள் என்றிருந்தது.

அறைக்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டரம்மாவின் குரல் தணிந்து வந்தது. "நானும் ஒரு நாள்கூடப் பெட்டியத் திறந்து பாக்கல. நிலையம் என் பொறுப்பு, மேல நான் எழுதறேன். உறைஞ்ச ஊசி கணக்குல சேராது, எல்லாருக்கும் திருப்பிப் போடணும். ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லியாகணும்." ஃப்ரிட்ஜைத் திறந்தாள். நடுத்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி, அதுவும் பாதி காலி. "இது பெட்டியில ஏறாதது. நல்ல ஊசி. நெஞ்சு கெட்டவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் காணும். மத்தவங்க அடுத்த லோடு வர வரைக்கும் வீட்ட விட்டு வெளிய வராம, யாரையும் உள்ள விடாம இருக்கட்டும். ஃப்ளூவுக்கான மாத்திரை தரேன். யாருக்காவது காய்ச்சல்னா அந்த நிமிஷமே எனக்கு போன் பண்ணணும்."

மகளுக்கு அங்கேயே போட்டாள் சிஸ்டர். டாக்டரம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"குளிரலம்மா" என்றாள் மகள். சொல்லிவிட்டு அழுதாள்.

இனி ஐஸ். பெட்டியிலிருந்த பொதிகளை ஐஸ்காரர் வெளியே எடுத்து மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். இன்னும் கல்லாகத்தான் இருந்தன. அவ்வளவு நன்றாக உறைய வைத்திருந்தார். வாழ்நாளெல்லாம் ஐஸ் உருகக் கூடாதென்று வண்டியை விரட்டியவர், இப்போது உருகு உருகு என்று அதன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வாயால் ஊதினார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "தானா வேர்க்கட்டும். அவசரப்படாதீங்க" என்றாள். அவசரப்படாமல் எப்படி இருப்பது? இந்நேரம் குட்டி பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மாவின் வாய்க்குப் பக்கத்தில் வாயை வைத்துத்தான் பேசுவாள் அவள்.

பொதிகளின் மேல் மெல்ல மெல்லப் பனி கலைந்து, முத்து முத்தாக நீர் பூத்தது. ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். இல்லை. வைத்தார். இன்னொன்று. இல்லை. மகள் சிரிக்கவில்லை. சிஸ்டரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஒன்றிலிருந்து மிகச் சின்னதாக, டம்ளரில் மிச்சத் தண்ணீர் ஆடுவதுபோல், ஒரு சத்தம் கேட்டது. அதைச் சிஸ்டரின் காதில் வைத்துக் காட்டினார். அவள் தலையசைத்தாள். எல்லாப் பொதியிலும் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்கினார்.

மகளை நிலையத்திலேயே உட்காரவைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் நடந்தார்கள். விளக்கு ஏற்றும் நேரம். மழை நின்று தெருவெல்லாம் ஈரமாக மினுங்கியது.

"நான் சொல்றேங்க" என்றாள் அவள்.

"வேண்டாம். ஐஸ் என்னோடது."

"கை என்னோடது."

"சரி, ரெண்டு பேரும் சொல்லுவோம். முதல்ல நான் சொல்றேன்."

மில்லுக்காரி வீட்டு ஜன்னல்கள் இரண்டும் அகலத் திறந்திருந்தன. உள்ளேயிருந்து மஞ்சள் வெளிச்சம் தெருவில் விழுந்தது. வாசலில் குட்டியின் சின்னச் செருப்பு, ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. கதவு தாழிடவில்லை.

"யாரு? அண்ணனா? வாங்கண்ணே, வாங்க சிஸ்டர்! மெதுவா, அவ தூங்கறா."

கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குட்டி அவள் மடியில் ஏறி, மார்போடு மார்பாக ஒட்டி, முகத்தை அம்மாவின் கழுத்தில் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே ஒரு போர்வை. பக்கத்துக் கிண்ணத்தில் தண்ணீரும், நனைத்துப் பிழிந்த துணியும் இருந்தன.

ஐஸ்காரரின் கண்கள் அந்தத் துணியிலேயே நின்றுவிட்டன.

"என்ன ஆச்சு குட்டிக்கு?" என்றாள் சிஸ்டர்.

"நேத்துலேர்ந்து அனலா கொதிக்கறா சிஸ்டர். இருமல் வேற. இவ க்ளாஸ்ல பாதிப் பேர் வரலையாம். ராத்திரி பூரா என் மேலயேதான் படுத்திருந்தா, இறங்கவே மாட்டேங்கறா." அவள் சிரித்தாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தாள். "முன்ன மாதிரின்னா பக்கத்துல கூட விட்டிருக்க மாட்டேன். காய்ச்சல்ல கிடக்கற பிள்ளையத் தொடக்கூட முடியாம கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதிருக்கேன் நான். இப்ப எனக்கென்ன பயம்? ஊசி போட்டாச்சே. உங்க ரெண்டு பேரையும்தான் நினைச்சுக்கிட்டே இருந்தேன். நூறு வயசு உங்களுக்கு!"

சிஸ்டர் குட்டியின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"தங்கச்சி" என்றார் ஐஸ்காரர். தோளிலிருந்து பெட்டியை இறக்கினார். உள்ளே ஐஸ் தளும்பியது. வழியெல்லாம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர், கடைசியில் ஒரு வார்த்தையும் அலங்காரமில்லாமல் சொன்னார். "உனக்குப் போட்ட ஊசி செத்த ஊசிம்மா. நான் பெட்டியில ஐஸை அதிகமா வச்சு உறைய விட்டுட்டேன். அது உன்னைக் காப்பாத்தாது. தெரியாம செஞ்சேன். இன்னைக்கு மத்தியானம்தான் தெரிஞ்சுது."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுக்க அவளுக்கு நேரமில்லை.

"உறைஞ்சதப் பார்த்தும் நானும் போட்டேன்" என்றாள் சிஸ்டர். "நல்ல ஊசி கொண்டு வந்திருக்கோம். மாத்திரையும் இருக்கு. இப்பவே முதல் மாத்திரையப் போட்டுக்கணும். டாக்டரம்மாவையும் வரச் சொல்றேன். இதோ, போன் பண்றேன்." பையைத் திறந்து போனைத் தேடினாள். மாத்திரை கீழே விழுந்து உருண்டது. குனிந்து எடுத்தாள், மறுபடி விழுந்தது.

"ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும்னு சொன்னீங்களே சிஸ்டர்" என்றாள் மில்லுக்காரி மெதுவாக.

"ஆமா."

"இவ நேத்துலேர்ந்து என் மேலதான் இருக்கா."

"ஆமாம்மா."

மில்லுக்காரி திட்டவில்லை. அழவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஆக்ஸிஜன் உருளை, திறந்த ஜன்னல், ஒற்றை நாற்காலி, ஆணியில் தொங்கிய கவுன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஐஸ்காரரைப் பார்த்தாள்.

"அண்ணே, இவள நான் இப்ப எங்க இறக்கி வைக்கறது?"

அவர் முழங்கால் நோவையும் மறந்து கட்டிலருகே போய் இரண்டு கையையும் நீட்டினார். குட்டி தூக்கத்திலேயே ஒரு தடவை இருமிவிட்டு, அம்மாவின் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.